காணொளி எடுக்க மனம் வராதபோது: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர் என் தாய்மாமா. எஞ்சின் இரண்டு மூன்று முறை இருமிவிட்டு நின்றுபோனால், "எஞ்சினே போச்சுண்ணா" என்று படகுக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார். மாமா எஞ்சினில் கை வைக்கமாட்டார். டீசல் வரும் குழாயைப் பார்ப்பார். வடிகட்டியின் மேலிருக்கும் சிறிய திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை மெதுவாக அழுத்துவார். முதலில் நுரைநுரையாகக் குமிழிகள் வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வழியத் தொடங்கியதும் திருகை இறுக்கிவிட்டு, "இப்ப போடு" என்பார். எஞ்சின் ஓடும். ஏர் பிடித்துக்கொண்டது என்று துறைமுகத்தில் சொல்லும் இந்தக் கோளாறில் எஞ்சினுக்கு ஒரு குறையும் இருப்பதில்லை. டீசல் போகிற வழியில் காற்று புகுந்து அடைத்திருக்கும், அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு, மீன் பார்த்து வாங்குவதையும் கழுவிச் சமைப்பதையும் பற்றிச் சில ஆண்டுகளாக ஒரு சிறிய யூடியூப் சேனல் நடத்திவருகிறேன். அதனால் கொருக்குப்பேட்டையிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் புதிதாகச் சேனல் தொடங்கிய தம்பி தங்கைகள் வீட்டுக்கு வருவதுண்டு. பெரும்பாலும் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "அக்கா, மோட்டிவேஷனே இல்லக்கா." எஞ்சினே போச்சு என்பதைப் போன்ற பேச்சு இது. அப்போது நான் அவர்களுக்கு ஊக்க உரை நிகழ்த்துவதில்லை, "எந்த இடத்துல நிக்குது?" என்று மட்டும் கேட்கிறேன். யோசிப்பது, எடுப்பது, எடிட் செய்வது, வெளியிடுவது, எண்களைப் பார்ப்பது, கமெண்டுகளைப் படிப்பது, அடுத்ததைத் தொடங்குவது என்று ஒரு காணொளி கடந்துபோகும் படிகளை ஒரு தாளில் எழுதி, கடைசியாகக் கைவிட்ட மூன்று காணொளிகளும் எந்தப் படியில் நின்றன என்று குறிக்கச் சொல்கிறேன். மூன்றும் ஒரே படியில் நின்றிருந்தால், கோளாறு மனத்தில் இல்லை, அந்தப் படியில் இருக்கிறது. கீழே அந்தப் படிகளில் தென்படும் அறிகுறிகளையும், ஒவ்வொன்றிலும் எதை முதலில் சோதிக்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம்.

அறிகுறி: "எடுக்கணும் எடுக்கணும்" என்று நினைத்தே வாரங்கள் ஓடிவிடுகின்றன

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. அடுத்த காணொளியின் முதல் வாக்கியத்தை, இப்போதே, இருக்கிற இடத்திலேயே உரக்கச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் உங்களிடம் இன்னும் ஒரு பொருள் இல்லை. ஒரு துறை மட்டும்தான் இருக்கிறது. ராயபுரம் ரயில் நிலையத்தின் வரலாறு என்பது துறை. அதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாமல் மனம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு ஏன் வாலாஜா ரோடு வரைக்கும் போனது என்பது ஒரு பொருள். அதற்கு முதல் வாக்கியமும் இருக்கிறது, கடைசி வாக்கியமும் இருக்கிறது. சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து அது இன்றைய மீனா நேற்றைய மீனா என்று சொல்வது எப்படி என்பதும் அப்படித்தான். பொருள் ஒரு கேள்வியாகச் சுருங்கும்வரை போனைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. சுருங்கிய பிறகு எடுப்பதற்கு அரை நாள்கூடத் தேவைப்படுவதில்லை.

முதல் வாக்கியம் சொல்ல வருகிறது, ஆனாலும் எடுக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் கூச்சம். கூச்சத்தை உதறித் தள்ளு என்று சொல்பவர்கள் குடித்தன வீட்டில், ஒரே வராந்தாவில் நான்கு குடும்பங்கள் புழங்கும் இடத்தில், போனைப் பார்த்துத் தனியாகப் பேசிப் பார்த்திருக்க மாட்டார்கள். கூச்சத்தோடு போராடுவதைவிட அதற்கு இடம் கொடுக்காமல் வேலையை அமைத்துக்கொள்வது எளிது. முதல் பத்துக் காணொளிகளில் முகம் வரவேண்டிய அவசியமே இல்லை. கைகள் வேலை செய்வதை மேலிருந்து எடுத்து, பேச்சை இரவில் தனியாகப் பதிவு செய்து சேர்த்துக்கொள்ளலாம். என் சேனலில் முதல் பல மாதங்கள் என் அம்மாவின் கைகளும் அரிவாள்மனையும்தான் இருந்தன. வெளியில் எடுக்கும்போது, காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் போய் நிற்காமல் வார நாள் ஒன்றில் போங்கள். மீன் விற்கும் அம்மாக்களிடம் என்ன எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம் என்று முதலில் சொல்லி அனுமதி கேளுங்கள். கேட்டுவிட்டு எடுக்கும்போது கூச்சத்தின் பாதி அங்கேயே போய்விடுகிறது, ஏனென்றால் அந்தக் கூச்சத்தின் பாதி, கேட்காமல் எடுக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சிதான்.

குரலைப் பற்றிய கூச்சம் வேறு வகை. பேசும்போது நம் குரலை நாம் காற்றின் வழியாக மட்டும் கேட்பதில்லை, மண்டை எலும்பின் அதிர்வு வழியாகவும் கேட்கிறோம். பதிவில் அந்த இரண்டாவது வழி இல்லாததால் குரல் மெலிந்து, யாரோ பேசுவதைப் போல ஒலிக்கிறது. மற்றவர்கள் எப்போதும் கேட்டுவந்தது அந்தக் குரலைத்தான். அவர்களுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. சில வாரங்கள் தொடர்ந்து கேட்டால் நமக்கும் பழகிவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது பேச்சு நடையைப் பற்றித்தான். கொருக்குப்பேட்டையைச் சேர்ந்த ஒரு தங்கை கேரம் ஆட்டத்தைப் பற்றி எடுக்கத் தொடங்கினாள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற பிறகு, தெருவுக்குத் தெரு சிறுமிகள் போர்டைச் சுற்றி நின்ற நேரம் அது. மொட்டை மாடியில் மாலை ஐந்தரை மணி வெயிலில், ஒரே முதல் வாக்கியத்தை அவள் பதினான்கு முறை எடுத்திருந்தாள். "வணக்கம் நேயர்களே, இன்றைய காணொளியில் நாம் காணவிருப்பது" என்று தொடங்கி, மூன்றாவது சொல்லிலேயே மூச்சுத் திணறி நிறுத்தினாள். போனை அணைத்ததும் என் பக்கம் திரும்பி, "அக்கா, போர்டுல பவுடர் ஜாஸ்தி போட்டா காயின் நிக்காது, வழுக்கிக்கினே போவும், அத்தான் நிறைய பேருக்குத் தெரியல" என்றாள். அந்த வாக்கியத்தில் கண், கை, குரல் எல்லாம் சேர்ந்து வந்தன. அதையே கேமரா முன்னால் சொல்லச் சொன்னேன். தயங்கினாள், "நம்ம பேச்ச கிண்டல் பண்ணுவாங்கக்கா" என்றாள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் வடசென்னைப் பேச்சைத் திரையில் பெரும்பாலும் அடியாட்களின் வாயிலும் சிரிப்புக் காட்சிகளிலும்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் இரவல் வாங்கிய நடையில் ஒரு வாரம் பேசலாம், ஒரு மாதம் பேசலாம்; ஓர் ஆண்டு பேச முடியாது. எடுக்கும் ஒவ்வொரு முறையும் வேறொருவராக நடிக்க வேண்டியிருந்தால் உடலே அந்த வேலையை ஒத்திப்போடக் கற்றுக்கொள்கிறது. இதைச் சோம்பல் என்று தவறாக எண்ணிவிடுகிறோம். எழுத்தில் நான் இந்த நடையில் எழுதுகிறேன். கேமரா முன்னால் என் அம்மாவிடம் பேசுவதைப் போலத்தான் பேசுகிறேன். எதிரில் உண்மையிலேயே ஒருவரை உட்கார வைத்து, அவரிடம் சொல்வதாக எடுத்துப் பாருங்கள்.

அறிகுறி: எடுத்ததெல்லாம் போனிலேயே கிடக்கிறது

இங்கே முதலில் பார்க்க வேண்டியது அளவு. ஆறு நிமிடக் காணொளிக்காக நாற்பது, ஐம்பது நிமிடம் எடுத்து வைத்திருந்தால் அதைத் திறந்து பார்க்கவே எவருக்கும் மனம் வராது. எடுக்கப் போவதற்கு முன் என்னென்ன காட்சிகள் வேண்டும் என்று ஏழெட்டு வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். சரியாக வராத காட்சியை அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள். தொடக்கத்தில் 1080பி என்ற படத் தெளிவு போதும். 4கே என்றால் ஒவ்வொரு படத்திலும் அதைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். போனில் இடம் நிரம்பும், எடிட்டிங் செயலி திணறும், அந்தத் திணறலில் நம் பொறுமைதான் முதலில் போகும்.

இரண்டாவது, ஒலி. எடிட் செய்ய உட்கார்ந்து, பேச்சு கேட்கவில்லை என்று கண்டு மூடி வைத்த காணொளிகளை எண்ணினால் பெரிய பட்டியலாகும். நான் முதன்முதலில் மீன் ஏலத்தை எடுத்தபோது, வீட்டுக்கு வந்து கேட்டால் ஏலக்காரரின் குரலுக்குப் பதிலாகக் காற்றின் இரைச்சல்தான் முழுக்க இருந்தது. விடிவதற்கு முன் எழுந்து போனது வீணாயிற்றே என்ற வருத்தத்தில் மூன்று வாரங்கள் வேறு எதையும் எடுக்கவில்லை. மைக்கின் மேல் ஒரு சிறிய பஞ்சு உறையை மாட்டி, கிளம்புவதற்கு முன் இயர்போனில் பத்து நொடி கேட்டிருந்தால் அந்த மூன்று வாரங்கள் மிஞ்சியிருக்கும். கடற்கரைப் பக்கம் எடுப்பவர்கள் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறிவிடும். சூரியன் கடல் பக்கமிருந்து எழுவதால், காலையில் போனைப் பிடிப்பவர் கடலுக்கு முதுகு காட்டியும் பேசுபவர் கடலைப் பார்த்தும் நின்றால் வெளிச்சமும் முகத்தில் சரியாக விழும். வீட்டுக்குள் பேசிப் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். துணிகள் தொங்கும் பீரோவைத் திறந்து வைத்து அதன் முன் உட்கார்ந்து பேசினால் எதிரொலி குறையும். கும்மிடிப்பூண்டி தடத்தை ஒட்டி வீடு இருப்பவர்கள், ரயில் கடக்கும்போது பேச்சை நிறுத்தி, அது போன பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பாதியிலிருந்து தொடர்ந்தால் ஒட்டு தெரியும்.

மூன்றாவது, மெருகு. எழுத்துகள் பறந்து வருவதும் படங்கள் சுழல்வதும் இல்லாததால் எந்த நல்ல காணொளியும் பாதியில் மூடப்பட்டதில்லை. எடுத்த அன்றிரவே தேவையற்றதை வெட்டி வரிசைப்படுத்துங்கள். அடுத்த நாள் ஒலியைச் சமன்செய்து, தலைப்பு வைத்து முடித்துவிடுங்கள். மூன்றாம் நாள் அதைத் திறக்கவே கூடாது என்று ஒரு வரையறை வைத்துக்கொண்டால், கிடப்பில் கிடப்பது தானாகவே குறைகிறது.

அறிகுறி: வெளியிட்ட பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்டுடியோவைத் திறந்து பார்க்கிறேன்

மிகுதியான சேனல்கள் நிற்பது இந்தப் படியில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 40 வியூஸ் என்ற எண்ணை மட்டும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஒரு தீர்ப்பைப் போலத் தோன்றும். அந்த எண் எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால் அது ஒரு தகவலாகிவிடும்; தகவலை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியும். சேனலின் எண்களைக் காட்டும் யூடியூப் ஸ்டுடியோ செயலியில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, இம்ப்ரெஷன். காணொளியைத் திறக்கும் முன் அதன் முகப்பாகத் தெரியும் சிறிய படம்தான் தம்ப்நெயில். உங்கள் தம்ப்நெயிலின் பாதியாவது ஒருவரின் யூடியூப் திரையில் ஒரு நொடிக்கு மேல் தெரிந்திருந்தால் அது ஓர் இம்ப்ரெஷன். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய இணைப்பைத் தொட்டு வருபவர்கள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. இரண்டாவது, கிளிக் விகிதம். அதாவது தம்ப்நெயிலைக் கண்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் உள்ளே வந்தார்கள் என்பது. மூன்றாவது, வந்தவர்கள் எந்த நொடியில் வெளியேறினார்கள் என்று காட்டும் வளைகோடு.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1,200 முறை தம்ப்நெயில் காட்டப்பட்டு 36 பேர் உள்ளே வந்திருந்தால் கிளிக் விகிதம் 3 சதவீதம். யூடியூப்பில் உள்ள சேனல்களிலும் காணொளிகளிலும் பாதிக்கு இந்த விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது என்று யூடியூப்பே சொல்கிறது. நூறு வியூஸுக்குக் குறைவான புதிய காணொளிகளில் இது இன்னும் மேலும் கீழுமாக ஆடும் என்றும் சொல்கிறது. எனவே 36 வியூஸ் வாங்கிய காணொளியை யாரும் வெறுத்து ஒதுக்கவில்லை. பார்த்த நூறு பேரில் மூன்று பேர் வந்திருக்கிறார்கள், அது பலருக்கும் நடப்பதுதான். காட்டப்பட்டதே 1,200 முறைதான் என்பதால் எண் சிறியதாக இருக்கிறது.

இனிப் பழுது நீக்கம். இம்ப்ரெஷன் மிகக் குறைவாக இருந்தால், இந்தக் காணொளியை யாருக்குக் காட்டுவது என்று யூடியூப்புக்கு இன்னும் தெரியவில்லை. தலைப்பில் மக்கள் தேடும் சொல்லே இல்லாமல் இருக்கலாம். "எங்க வீட்டு ஸ்பெஷல்" என்று யாரும் தேடுவதில்லை, "நெத்திலிக் குழம்பு" என்று தேடுவார்கள். இம்ப்ரெஷன் இருந்தும் கிளிக் குறைவு என்றால் தம்ப்நெயிலை மாற்றுங்கள். போனின் சிறிய திரையில், கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும்போது, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நொடியில் புரிகிறதா என்று உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். கிளிக்கும் இருந்து, வளைகோடு முதல் முப்பது நொடியிலேயே செங்குத்தாகச் சரிந்தால், தம்ப்நெயில் வாக்களித்தது தொடக்கத்தில் வரவில்லை. வணக்கம் சொல்லி, சேனல் பெயர் சொல்லி, சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லி முடிப்பதற்குள் நாற்பது நொடி போய்விடுகிறது. என் பழைய காணொளி ஒன்றில் மீன் முதன்முதலில் திரையில் தெரிந்ததே 52-ஆவது நொடியில்தான். அடுத்ததில் முதல் நொடியிலேயே செவுளைத் தூக்கிக் காட்டினேன். மற்றதெல்லாம் முன்பு போலவேதான், ஆனால் வளைகோட்டின் சரிவு தணிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காணொளி வந்ததும் சொந்தக்காரர்கள் குழுவில் இணைப்பை அனுப்புவது நம் எல்லோருக்கும் பழக்கம். சித்தப்பாவும் அத்தையும் பாசத்தில் திறந்து, பத்து நொடி பார்த்து, லைக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வளைகோட்டில் அது ஒரு சரிவாகப் பதியும். அந்தச் சரிவைப் பார்த்து நாம் மனம் உடைவோம். அவர்களுக்கு அந்தப் பொருளில் நாட்டம் இல்லை, நம்மீதுதான் அன்பு. இரண்டும் வேறு வேறு. மீன் சமைப்பதில் ஆர்வமுள்ள நான்கு பேருக்கு மட்டும் அனுப்புங்கள். மற்றவர்களுக்கு நேரில் காட்டுங்கள்.

ஸ்டுடியோ செயலியைப் போனின் முகப்புத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, வாரத்தில் ஒருநாள், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் திறக்கலாம். நான் வியாழக்கிழமை இரவு பார்க்கிறேன். இந்த மூன்று எண்களையும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த காணொளியில் மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயத்தை அதன் அருகில் எழுதிவிட்டு மூடிவிடுகிறேன். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

அறிகுறி: ஒரு ஷார்ட்ஸ் எங்கோ போனது, அதன் பிறகு எதுவும் நகரவில்லை

எதுவுமே ஓடாததைவிட இது அதிகமாகச் சோர்வைத் தருவதைப் பலரிடமும் பார்த்திருக்கிறேன். 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் எனப்படும் குட்டிக் காணொளி ஒன்று ஓடத் தொடங்கினாலே, அதை எத்தனை நொடி பார்த்தார்கள் என்ற கணக்கு இல்லாமல், ஒரு வியூ என்று எண்ணப்படுகிறது. எனவே அந்தப் பெரிய எண்ணில் விரலால் தள்ளிவிட்டுப் போனவர்களும் அடக்கம். நின்று பார்த்தவர்களின் எண் ஸ்டுடியோவில் தனியாக இருக்கிறது. உங்கள் பழைய காணொளிகளோடு ஒப்பிட வேண்டுமானால் அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் ஷார்ட்ஸ் ஓடையில் வந்தவர்கள் பத்து நிமிடக் காணொளிக்கும் வருவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை எதுவும் இல்லை. அந்த ஷார்ட்ஸின் கீழே வந்த கமெண்டுகளில் மக்கள் என்ன கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கு விடையாக ஒரு நீளமான காணொளி எடுத்து, ஷார்ட்ஸிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுங்கள்.

அறிகுறி: இவ்வளவு உழைத்தும் ஒரு ரூபாய்கூட வரவில்லை

விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்ற விதி 2018-இல் வந்தது. அந்த மணி நேரக் கணக்குக்குப் பதிலாக 90 நாட்களில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வைகள் இருந்தாலும் ஏற்பார்கள். ஷார்ட்ஸ் ஓடையில் பார்க்கப்பட்ட நேரம் அந்த 4,000 மணி நேரத்தில் சேராது. 4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்த்தால் 80,000 வியூஸ் வேண்டும். ஆண்டுக்கு ஐம்பது காணொளிகள் போட்டால், ஒவ்வொன்றும் 1,600 பேரை எட்ட வேண்டும். இந்தக் கணக்கை முதல் மாதத்திலேயே போட்டுவிட்டால் மூன்றாம் மாதத்தில் ஏமாற்றம் இருக்காது. தகுதி கிடைத்த பிறகும், கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். அதற்கு முன் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் எண் அனுப்புவார்கள். நம் பகுதி வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பதால், இரண்டையும் தெளிவாக எழுதி, தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இரண்டு காரியங்களைச் செய்யவே வேண்டாம். "நீங்க எனக்குப் போடுங்க, நான் உங்களுக்குப் போடறேன்" என்று சப்ஸ்கிரைபர்களை மாற்றிக்கொள்வது யூடியூப் விதிகளுக்கு எதிரானது. அதோடு, அப்படி வந்தவர்கள் உங்கள் காணொளியைப் பார்ப்பதே இல்லை என்பதால், எண் ஏற ஏற நீங்கள் பேசும் அறை காலியாகிக்கொண்டே போகும். இரண்டாவது, தவணைக்குக் கேமரா வாங்குவது. மாதத் தவணை கட்ட வேண்டிய நாள் நெருங்கும்போது, எடுப்பதில் இருந்த மகிழ்ச்சியெல்லாம் கடனாக மாறிவிடுகிறது. வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு தம்பி, கேமராவை விற்ற பிறகுதான் மறுபடியும் போனில் எடுக்கத் தொடங்கினான். சேனல் தன் சொந்தப் பணத்தில் கேமரா வாங்கும்வரை, வீட்டுச் செலவுக்கு வேறு வேலை இருக்கட்டும். அது சேனலுக்குத் துரோகம் செய்வதாகாது.

அறிகுறி: ஒரு கமெண்ட், நாள் முழுக்க மனத்தைவிட்டுப் போகவில்லை

முதலில் அந்தக் கமெண்டை இரண்டாகப் பிரியுங்கள். "சவுண்டு கேக்கல", "உப்பு எவ்வளவுன்னு சொல்லவே இல்ல" என்பவை எவ்வளவு முரட்டுத்தனமாக எழுதப்பட்டிருந்தாலும் பழுதைச் சுட்டிக்காட்டுபவை. நன்றி சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நம் ஏரியாவையோ சாதியையோ நிறத்தையோ உடம்பையோ பேசுபவை எந்தப் பழுதையும் காட்டுவதில்லை. அவற்றுக்குப் பதில் எழுதுவதில் நேரத்தைக் கொட்டாதீர்கள். ஸ்டுடியோ அமைப்பில், தகாதவை என்று சந்தேகிக்கப்படும் கமெண்டுகளை உங்கள் பார்வைக்கு வரும்வரை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. தடை செய்ய வேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. அதில் வசைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் மட்டுமல்லாமல், ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் தட்டுவார்களோ அத்தனை வடிவங்களிலும் ஒருமுறை உட்கார்ந்து ஏற்றிவிடுங்கள். ஒருவரைச் சேனலிலிருந்து மறைத்துவிட்டால், அவர் எழுதுவது வேறு யாருக்கும் தெரியாது, மறைக்கப்பட்டது அவருக்கு அறிவிக்கப்படுவதும் இல்லை. அந்தப் பட்டியலைப் போடும் வேலையை நான் என் தம்பியிடம் கொடுத்தேன். அந்தச் சொற்களை நானே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கவில்லை. மிரட்டலோ, படத்தைத் திரித்துப் போடுவதோ நடந்தால், அழிப்பதற்கு முன் திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பெண் பிள்ளைகள் இதை வீட்டில் சொன்னால் சேனலை நிறுத்தச் சொல்வார்களோ என்று மறைக்கிறார்கள். வீட்டில் ஒருவரையாவது தொடக்கத்திலிருந்தே துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வீட்டில் திட்டுகிறார்கள்

பெரும்பாலும் அவர்கள் எதிர்ப்பது காணொளியை அல்ல, அதற்கு நேரக் கணக்கு இல்லாததைத்தான். செவ்வாயும் வெள்ளியும் இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை என்று சொல்லி, அதை ஒரு மாதம் கடைப்பிடித்துக் காட்டுங்கள்.

அறிகுறி: காப்புரிமை என்று ஒரு செய்தி வந்ததும் கை ஓடவில்லை

பதற வேண்டாம், அது க்ளெய்மா, ஸ்ட்ரைக்கா என்று பாருங்கள். பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு ஓடியதால் வருவது பெரும்பாலும் க்ளெய்ம். அந்தக் காணொளியின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், அல்லது காணொளி முடக்கப்படும். சேனலுக்குப் பொதுவாக ஆபத்து இல்லை. உரிமையாளர் கேட்டுக் காணொளியே நீக்கப்படும்போது வரும் ஸ்ட்ரைக் அப்படியல்ல, 90 நாட்களுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். தெருவில் எடுக்கும்போது டீக்கடைப் பாட்டு பின்னால் ஒலித்தால் அந்த இடத்தில் ஒலியை எடுத்துவிட்டு உங்கள் பேச்சைச் சேருங்கள். ஸ்டுடியோவிலேயே இருக்கும் ஆடியோ லைப்ரரியில் கட்டணமில்லாத இசை கிடைக்கிறது. கானா பாடுபவரை எடுக்கும்போது, பாட்டும் மெட்டும் அவருடையதா என்று கேட்டு, வெளியிடவும் அனுமதி வாங்கிவிடுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாகப் போகிறது, ஆனால் களைத்துவிட்டேன்

தூக்கம், சாப்பாடு, பிடித்தவர்களோடு பேசுவது என்று எதிலுமே இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் ஒட்டவில்லையென்றால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கட்டணம் இல்லாமல் பேசலாம். மற்றதெல்லாம் நன்றாக இருந்து, காணொளி என்றால் மட்டும் களைப்பு என்றால், ஓய்வுக்கு ஒரு முறை வைத்துக்கொள்ள வேண்டிய நேரம் அது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக, நம் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. அந்த நாட்களில் காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறார்கள், வண்ணம் பூசுகிறார்கள், நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசல்களை ஒவ்வொரு கண்ணாகத் தைக்கிறார்கள். கடலில் இருக்கும்போது பார்க்க முடியாத பழுதெல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். மாமாவுக்கு ஆண்டிலேயே வேலை அதிகமாக இருப்பது அந்த இரண்டு மாதங்களில்தான். தொடங்கும் நாளும் முடியும் நாளும் எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பதால், அந்த நாட்களில் எந்தப் படகும் தொழிலை விட்டுவிட்டதாக யாரும் நினைப்பதில்லை.

நானும் அப்படியே ஆண்டில் மூன்று வாரங்கள் எதையும் வெளியிடுவதில்லை. எந்தத் தேதியில் திரும்பி வருவேன் என்று முன்கூட்டியே சேனலில் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் பழைய காணொளிகளின் தம்ப்நெயில்களை மாற்றுகிறேன், போனில் சேர்ந்ததை அழிக்கிறேன், மைக்கின் ஒயரைப் பார்க்கிறேன், எடுக்க ஆசைப்படும் கேள்விகளை மட்டும் எழுதி வைக்கிறேன். ஓய்வு தொடங்குவதற்கு முன்பே ஒரு எளிய காணொளியை முடித்து, திரும்பி வரும் தேதிக்கு வெளியாகும்படி ஏற்றி வைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் எடுக்கும் முதல் காணொளி, நீங்கள் வழக்கமாக எடுப்பதில் பாதி நீளம் இருந்தால் போதும். இத்தனை நாள் காணாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டு அதில் ஒரு நிமிடத்தைச் செலவழிக்க வேண்டாம். முதல் நொடியிலேயே மீனைக் காட்டுங்கள்.